வலியறிதல்

அம்மாவின் படுக்கைக் குறிப்பேட்டில் இரவு பத்து மணிக்கு மூன்று என்று எழுதியிருந்தது. இரண்டு மணிக்கு எட்டு. காலையில் வந்த மருத்துவர் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, “ராத்திரி வலி கூடியிருக்கு” என்றார். கூடவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். இடையில் மாறியது கேட்ட ஆளும் கேட்ட விதமும்தான்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பென்னாகரம் பக்கத்து ஊரில் மழை ஈரத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்த முதல் இரவு அது. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை, எங்கும் நடப்பதுதான். பத்து மணிக்கு வந்த இளம் செவிலியர், “பாட்டி, வலி பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். வாழ்நாளில் அவளை யாரும் எதற்கும் மதிப்பெண் போடச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் இருந்தபோதும் மதிப்பெண் வாங்கியவள்தான், போட்டவள் இல்லை. “ஒரு மூணு போட்டுக்கோ கண்ணு” என்று சொல்லிச் சிரித்தாள். நமக்காக நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிற சிரிப்பு. மூன்று என்று எழுதிக்கொண்டு அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிலின் டிரிப் பாட்டிலை மாற்ற வந்த மூத்த செவிலியர், கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் கையை முதலில் பார்த்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அவர் எண் கேட்கவில்லை. “கண்ணு மூடவே இல்லையா ஆயா? ஒருக்களிக்க முடியுதா? இருமினா எங்க புடிக்குது? விட்டு விட்டு வருதா, ஒரே மேனிக்கு இருக்கா?” என்று கேட்டார். அம்மாவுக்கு வாய் திறந்துகொண்டது. “புளி அடிக்கறாப்புல அடிக்குது சிஸ்டர். கொட்ட தெறிக்கற வரைக்கும் அடிப்பமே, அப்பிடி. நடுவுல சித்த ஓயுது. அப்பறம் திருகக்கல்லு சுத்தறாப்புல உள்ளாற கொடையுது.”

செவிலியர் ஊசி போட்டார். இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணையை வைத்துக் கிடத்தினார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, “இப்ப புளி அடிக்கறது நின்னுச்சா?” என்று கேட்டார். குறிப்பேட்டில் எட்டு என்று எழுதியிருந்தார். ஏன் எட்டு என்று பிறகு அவரிடம் கேட்டேன். “புளி அடிக்குதாம்னு நான் டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா மேடம்? எட்டுன்னா அவருக்குப் புரியும்.”

பிரதிகளைப் படிப்பதும் உரை சொல்வதும் என் தொழில். ஒரே பிரதியை இரண்டு பேர் வாசித்து ஒருவர் மூன்று என்றும் ஒருவர் எட்டு என்றும் உரை எழுதியதை அன்று இரவு பார்த்தேன். நோயாளி சொன்னதையே வலியின் அளவாகக் கொள்ளும் முறைப்படி, முதல் செவிலியர் செய்தது தவறே இல்லை. அவர் கேட்டார், அம்மா சொன்னாள், அவர் எழுதினார். அந்த முறையில் பிழையே இல்லாதபோதும் ஒரு கிழவி நான்கு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

இந்த எண்கள் பெண்களுக்கு எதிராகப் பிறந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவற்றின் வரலாற்றில் பெண் செவிலியர்களின் கை இருக்கிறது. 1968இல் மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர், வலியை அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, அவர் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது என்று வரையறுத்தார். மருத்துவர் தொட்டுப் பார்த்தும் படம் எடுத்தும் முடிவு செய்துகொண்டிருந்ததை நோயாளியின் வாய்க்கு மாற்றிய வரையறை அது. 1983இல் டோனா வாங் என்ற செவிலியரும் கோனி பேக்கரும் ஓக்லஹோமாவில் தீப்புண்பட்ட குழந்தைகளுக்காக ஆறு முகங்களை வரைய வைத்தார்கள். எண் தெரியாத குழந்தை விரலால் ஒரு முகத்தைத் தொட்டால் போதும். பூஜ்யத்துக்குச் சிரிக்கும் முகம், பத்துக்குக் கண்ணீர் விடும் முகம். அழாமலும் பத்தாக வலிக்கலாம் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சுவரில் முகங்கள்தாம் ஒட்டப்படுகின்றன, விளக்கம் ஒட்டப்படுவதில்லை. வலியோடு சிரிக்கப் பழகிய என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த ஆறில் முகம் கிடையாது.

சொற்களை நம்பிய இன்னொரு முயற்சியும் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாநிரலில் 78 சொற்கள் 20 குழுக்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. துடிக்கும் வலி, சுடும் வலி, குத்தும் வலி, கொல்லும் வலி என்று போகும். அவர் இளைஞராக இருந்தபோது, சர்க்கரை நோயால் காலை இழந்த ஒரு மூதாட்டி, இல்லாத காலில் வரும் வலியை விதவிதமான சொற்களில் விவரித்திருக்கிறார். அவற்றை அவர் குறித்துவைக்கத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பயன்படும் கருவி ஒன்று ஒரு கிழவியின் சொல்வளத்திலிருந்து கிளைத்தது என்பதை என் மாணவிகளுக்கு மறக்காமல் சொல்வேன்.

தமிழில் இந்தச் சொற்களுக்குக் குறைவே இல்லை. கால் குடையும், தலை இடிக்கும், பல் கூசும், கண் உறுத்தும், வயிறு கடுக்கும், நெஞ்சு அடைக்கும், புண் காந்தும், சீழ்க்கட்டி விண்விண்ணென்று தெறிக்கும், நரம்பு சுண்டி இழுக்கும், பாதம் மதமதக்கும். உறுப்புக்கு உறுப்பு வினை மாறுகிறது. இவற்றை நாட்டார் வழக்கு என்று பட்டியல் போட்டு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பதோடு எங்கள் துறை நின்றுவிடுகிறது (என் ஆய்வேட்டிலும் அப்படி ஒரு பின்னிணைப்பு உண்டு). இவை மருத்துவத் தகவல்கள். எரிகிறது, மின்சாரம் அடித்ததுபோல் இழுக்கிறது, தொட்ட இடம் மரத்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அது நரம்பிலிருந்து வரும் வலியாக இருக்கக்கூடும். அதற்கு வழக்கமான வலி மாத்திரை சரியாகக் கேட்காது, வேறு மருந்து வேண்டும். அசைந்தால் மட்டும் குத்துகிறது என்றால் வேறு. விட்டுவிட்டுச் சுருட்டுகிறது என்றால் வேறு. எண் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எது என்பதைச் சொல்தான் சொல்லும். ‘ஏழு’ என்று எழுதிய இடத்தில் ‘குடைச்சல், இரவில் கூடுகிறது’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்து எழுத எவ்வளவு நேரமாகும்?

நேரம் என்ற சொல்லைச் செவிலியர்களிடம் அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. பயிற்று மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அம்மா கிடந்த வார்டில் அன்று இரவு முப்பதுக்கு மேல் கட்டில்கள். செவிலியர் இரண்டு பேர். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, நோயாளிகளைத் தவிக்கவிட்டார்கள் என்று பேசியவர்கள் உண்டு. தன் வலியைச் சொல்ல வந்தவர்களிடம் பொறுமையின் அளவைக் கேட்கும் பழக்கம் நமக்கு வார்டுக்கு வெளியிலும் இருக்கிறது.

நேரத்தைவிடச் சிக்கலானது அதிகாரம். மருந்துச் சீட்டில் வலி ஊசிக்கு எதிரே பெரும்பாலும் எஸ்.ஓ.எஸ். என்று எழுதப்படும். ‘தேவைப்பட்டால்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. முதலில் பார்த்தபோது மூழ்கும் கப்பலின் அபயக்குரல் என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததிலும் பெரிய தவறில்லை. தேவைப்படுகிறது என்று யார் முடிவு செய்வது? மருத்துவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். நோயாளி கேட்க வேண்டும். கேட்டாலும் செவிலியர் நம்ப வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று மாற்ற அவருக்கு உரிமை இல்லை. அந்த ஒற்றைத் தொடரை வாசித்துப் பொருள்கொள்ளும் உரிமை மட்டும் அவரிடம் இருக்கிறது. கேட்டவர்களுக்கு மட்டும் போட்டால் கேட்கத் தெரியாதவர்கள் விடியும்வரை கிடப்பார்கள். பெரிய அறுவைக்குப் பின் முதல் ஓரிரு நாள்களுக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணி பார்த்து மருந்து கொடுப்பது இதனால்தான் மேலானது. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த முறையும் கடிகாரப்படி கொடுப்பதையே வலியுறுத்தியது. பெண்கள் கேட்கத் தயங்குவார்கள் என்பதை அந்த முறை தெரிந்து வைத்திருந்ததோ இல்லையோ, பலன் அவர்களுக்கு உண்டு.

எல்லா நேரமும் எல்லாச் செவிலியரையும் தாங்கிப் பேச என்னால் முடியாது. என் முதல் பிரசவத்தில் வலி முற்றிக் கத்தியபோது தொடையில் ஓர் அடி விழுந்தது. “அன்னைக்கு இனிச்சுதில்ல, இன்னைக்கு என்ன?” என்ற கேள்வியும் விழுந்தது. இதை எழுதும்போது என் மாணவிகள், தோழிகள், என் அண்ணி என்று யாரிடம் சொன்னாலும் அந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இல்லை. ஊர் மட்டும்தான் மாறுகிறது. பெண்ணின் வலியைத் தண்டனையாக வாசிக்கும் உரை அது. ஆண் எழுதிய உரையைப் பெண் வாய் சொல்கிறது என்று நாம் சொல்லிவிடலாம். அடித்த கை என்னவோ அந்தக் கைதான். இருபது வருடம் அந்தக் கையின்மேல் இருந்த கோபத்தோடுதான் அம்மாவின் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று என்று எழுதிப்போன பெண்ணின்மேல் அன்று எனக்கு வந்த கோபம் முழுவதும் அவருக்குரியதல்ல.

பிரசவ வார்டின் படிவங்களையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். நீண்ட காலம் உலகெங்கும் பயன்பட்ட பிரசவ வரைபடத்தில் பத்து நிமிடத்துக்கு எத்தனை முறை கருப்பை இறுகுகிறது, எத்தனை விநாடி இறுகுகிறது, குழந்தையின் இதயத்துடிப்பு என்ன, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கெல்லாம் கட்டங்கள் உண்டு. வலியைப் படைக்கும் தசையின் வேலை அதில் பதிவாகும். அவளுக்கு எப்படி இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்புப் படிவத்தில் நான்கு வரிகள் சேர்ந்தன: துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலி குறைக்க ஏதாவது செய்யப்பட்டதா, குடிக்கக் கொடுத்தார்களா, எந்த நிலையில் இருக்கிறாள். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கும் முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004லேயே வந்துவிட்டது. முதுகை அழுத்தித் தேய்த்துவிட ஒரு கை, நடக்கவிடுவது, ஒருக்களித்துப் படுக்கவிடுவது, இறுக்கம் வரும்போது மூச்சை எண்ணச் சொல்வது என எதற்கும் மருத்துவரின் கையெழுத்து வேண்டாம். செவிலியரின் அதிகாரத்துக்குள் முழுதாக இருப்பவை இவை. அடிக்க முடிந்த கையால் தேய்க்கவும் முடியும்.

யாருடைய வலியை நம்புகிறோம் என்பதில் சாதியும் நிறமும் உண்டு. 2016இல் அமெரிக்காவில் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் நடந்த ஓர் ஆய்வில், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பின மக்களின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பினத்தவரின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அங்கே தோல் என்றால் இங்கே மலை. சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் இறங்கி வரும் பெண்களைப் பற்றி “அவங்க எல்லாம் தாங்கிக்குவாங்க” என்று பாராட்டுபோலச் சொல்லப்படுவதை எத்தனையோ தாழ்வாரங்களில் கேட்டிருக்கிறேன். தாங்குகிறவளுக்கு மருந்து கடைசியில் வருகிறது. அவள் தாங்குகிறாளா, கேட்டுப் பயனில்லை என்று பேசாமலிருக்கிறாளா என்பதைப் பிரித்தறிய, அவளிடம் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது.

தருமபுரியில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டிய நீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் கறை படியும். அதற்கும் மேல் போனால் எலும்பு இறுகி, மூட்டும் முதுகும் வலித்து, குனிய முடியாமல், குந்தி உட்கார முடியாமல் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வருவதற்கு முன் முப்பது நாற்பது வருடம் அந்த நீரைக் குடித்த பெண்கள் இப்போது கிழவிகள். காட்டு வேலை, வயசு, வாதம் என்று பெயர் வைக்கப்பட்ட அவர்களுடைய வலியில் எவ்வளவு நீரிலிருந்து வந்தது என்று யாரும் அளக்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளில் சிலவற்றை நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்பது வேறு. ‘எவ்வளவு வலி’ என்று கேட்பதோடு ‘எந்த ஊர், எந்தத் தண்ணீர், எத்தனை வருடமாக, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள்’ என்று ஒரு செவிலியர் கேட்டால், அந்த நான்கு கேள்விகளில் ஒரு மாவட்டத்தின் வரலாறு வந்துவிடும்.

எண்ணை வைத்து எல்லாம் நடந்துவிடும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1990களில் வலியை ஐந்தாவது உயிர்க்குறி என்று அறிவித்து, நாடித்துடிப்புபோல அதையும் எண்ணாக எழுதச் சொன்னார்கள். எண்ணைக் குறைப்பது இலக்கானது. மருந்து நிறுவனங்களின் விற்பனை வெறியும் சேர்ந்துகொள்ள, அபின் வகை மாத்திரைகள் வாரி வழங்கப்பட்டு, லட்சக்கணக்கானோர் மாண்டுபோன துயரத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டில் நடந்தது நேர் எதிர். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. புற்றுநோயாளிகள் வெறும் பாரசிட்டமாலோடு செத்தார்கள். 2014இல் திருத்தம் வந்த பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. அங்கே எண் பேசியது, இங்கே சட்டம் பேசியது. நோயாளியோடு நடக்க வேண்டிய பேச்சு இரண்டு இடத்திலும் நடக்கவில்லை.

‘வலியறிதல்’ என்று திருக்குறளில் ஓர் அதிகாரம், 48ஆவது. அங்கே வலி என்பது வலிமை; தன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் அரசன் எடை போடுவது. பழந்தமிழில் உடல்துன்பத்துக்கு நோய், நோவு என்ற சொற்களே முதன்மையானவை. எங்கள் பக்கத்தில் பிரசவ வலி இன்றும் ‘நோவு’தான். வலிமையைக் குறித்த சொல் எப்படித் துன்பத்தைக் குறிக்க வந்தது என்பதைச் சொல்லாய்வாளர்களிடம் விட்டுவிடுகிறேன். வகுப்பில் அந்த அதிகாரத்தின் பெயரைச் சொன்னதும் மாணவிகள் ஒவ்வொரு வருடமும் மருத்துவமனையை நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை. அம்மாவின் கட்டிலருகே நின்ற மூத்த செவிலியர் எடை போட்டது இரண்டையும்தான்: நோவு எவ்வளவு, அந்த எண்ணை வைத்துத் தன்னால் எவ்வளவு சாதிக்க முடியும். புளி அடிப்பதை எட்டாக்கியது மொழிபெயர்ப்பு. மூலத்தின் அழகு போய்விட்டது, ஊசி கிடைத்தது. இந்தப் பேரத்தை அவர் ஒவ்வொரு இரவும் செய்கிறார். அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லும் விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அது.

குறுந்தொகையில் ஔவையார் பாடிய 28ஆம் பாட்டில் ஒரு பெண் நள்ளிரவில் விழித்திருக்கிறாள். தன் துயரம் தெரியாமல் தூங்கும் ஊரைப் பார்த்துக் கொதிக்கிறாள். வாய்விட்டுக் கத்துவதற்குக்கூட அவளுக்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது. காதல் நோய் என்று திணை, துறை வகுத்துப் பாடம் நடத்திய பாட்டு. தகடூர் அதியமானோடு சேர்த்துச் சொல்லப்படும் ஔவை, தகடூரில் இன்று இரவு வார்டுக்குள் வந்தால் அந்தச் சாக்கை அடையாளம் கண்டுகொள்வாள். “கொஞ்சம் ஃபேன் நிறுத்தச் சொல்லு”, “தண்ணி குடு”, “மணி என்ன ஆச்சு” என்று அம்மா என்னை எழுப்பியதெல்லாம் அந்தச் சாக்குகள். மூன்று முறை ஃபேனை நிறுத்திப் போட்டேன். மூத்த செவிலியர் கையைப் பார்க்கும்வரை நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய வாசகி.

வீட்டுக்கு வந்த பிறகு வலி மெல்லக் குறைந்தது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சைக்கும் உடற்பயிற்சிக்கும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். எங்கள் திண்ணைக்கு வந்த செவிலியர் முப்பது வயதுப் பெண், ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போதே, “அம்மா, இன்னைக்கு என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டார். இதுவும் வலியை அளக்கும் கேள்விதான், செவிலியர் கல்வியில் சொல்லித்தருவதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, வலி எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று கேட்பது. அம்மா யோசித்தாள்.

“நாற்காலி போட்டுப் புளி உடைக்க ஒக்காந்தேன். கால்மணி நேரம். அதுக்கு மேல முடியல.”

“போன வாரம்?”

“ஒக்காரவே இல்லையே.”

அவர் நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். புளி, 15 நிமிடம் என்று இருந்தது.